ஏஐ நம் முடிவை எவ்வளவு நகர்த்துகிறது? அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

"ஏஐ வந்த பிறகு உங்கள் சிந்தனை மாறியிருக்கிறதா?" என்று கேட்டு ஒரு கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் விட்டால் இரண்டே நாளில் முந்நூறு பதில் வந்துவிடும். வண்ண வரைபடமும் போட்டுவிடலாம். ஆனால் அதில் தெரிவது ஏஐயின் தாக்கம் அல்ல. தங்களைப் பற்றி ஆட்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.

இந்த இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதற்கு 2025இல் எம்இடிஆர் என்ற அமெரிக்க ஆய்வமைப்பு நடத்திய சோதனை ஒன்று போதும். அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், 246 வேலைகள். ஏஐ வைத்துக்கொண்டால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று தொடங்கும் முன் கணித்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே சொன்னார்கள். கடிகாரம் சொன்னது வேறு: 19 சதவீதம் கூடுதலாகப் பிடித்திருந்தது. நேரம் போன்ற கண்ணெதிரே தெரியும் சங்கதியிலேயே இப்படி என்றால், "உன் சிந்தனையை அது மாற்றியதா" என்ற கேள்விக்கு வரும் பதிலை எந்தத் தராசில் வைப்பது?

எனவே இங்கே சொல்லப்போகும் முறையில் கேட்பது குறைவு, வைத்துப் பார்ப்பது அதிகம். ஒருவர் தானாகச் சொல்லும் முதல் விடையைப் பூட்டிவைக்க வேண்டும். பிறகு ஏஐயின் ஆலோசனையைக் காட்ட வேண்டும். அதன் பின் அவர் சொல்லும் இறுதி விடையைப் பதிய வேண்டும். நடுவில், தெரிந்தே சில தவறான ஆலோசனைகளைக் கலந்திருக்க வேண்டும். கல்லூரி ஆய்வுக்குழுவோ, பயிற்சிப் பிரிவு உள்ள ஒரு நிறுவனமோ ஆறு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது.

எதை அளக்கப் போகிறோம்?

"தாக்கம்" என்று மொத்தமாகச் சொன்னால் எதையும் அளக்க முடியாது. குறைந்தது நான்கு தனித்தனிக் கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. ஆலோசனையைப் பார்த்ததும் முடிவு எவ்வளவு நகர்கிறது? நல்ல ஆலோசனைக்கும் கெட்ட ஆலோசனைக்கும் நகர்வில் வித்தியாசம் இருக்கிறதா? ஏஐயை எடுத்துவிட்டால் ஆளிடம் என்ன மிச்சம்? அவருக்கே தெரியாமல் கருத்தோ எழுத்து நடையோ சாய்கிறதா?

ஒரு ஆய்வில் ஒரு கேள்விதான். முதல் இரண்டையும் சேர்த்து ஒரே சோதனையில் பிடிக்கலாம். மற்ற இரண்டுக்கும் தனி அமைப்பு வேண்டும். நான்கையும் ஒரே மதியத்தில் முடித்துவிட நினைக்கும் திட்டங்கள் கடைசியில் எந்தக் கேள்விக்கும் விடையில்லாத ஒரு எக்செல் கோப்பாக முடிகின்றன.

வேலையைத் தேர்ந்தெடுத்தல்

பங்கேற்பவர் செய்யப்போகும் வேலைக்கு மூன்று தகுதி வேண்டும். சரியான விடை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கக் கூடாது. ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, தலைசுற்றும் கடினமாகவும் இருக்கக் கூடாது. சுலபமானால் யாரும் ஆலோசனையைத் திரும்பியே பார்க்க மாட்டார்கள். கடினமானால் எல்லோரும் அதையே அப்படியே எழுதிவிடுவார்கள். இரண்டிலும் அளக்க ஒன்றும் இருக்காது.

பழகிப் பார்க்க நல்ல வேலை: தட்டில் கொட்டிய கொண்டைக்கடலையின் படத்தைப் பார்த்து எண்ணிக்கையை மதிப்பிடுவது. ஒரே எவர்சில்வர் தட்டு, ஒரே வெளிச்சம், மேலிருந்து ஒரே உயரத்தில் படம். 60 முதல் 600 வரை வெவ்வேறு எண்ணிக்கையில் 50 படங்கள். கடலையை எண்ணித்தான் கொட்ட வேண்டும். நூறு கடலையை நிறுத்துப் பார்த்து மற்றதை வகுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கடலை ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஐந்து பத்து பிசகிவிடும். பிறகு "சரியான விடை" என்று நீங்கள் எழுதியிருப்பதே மதிப்பீடாகிவிடும்.

கடலையில் கைவந்த பிறகு உங்கள் துறை வேலைக்குப் போங்கள்: எக்ஸ்ரே படிப்பது, விண்ணப்பம் தேர்வது, விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுவது. விடைத்தாளில் ஒரு சிக்கல் உண்டு. "சரியான" மதிப்பெண் எது? மூன்று அனுபவசாலிகள் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்தி, மூன்றும் ஒரு மதிப்பெண் இடைவெளிக்குள் வந்த தாள்களை மட்டும் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். நூறு தாளில் பாதிகூடத் தேறாமல் போகலாம். அதைக் கணக்கில் வைத்தே தாள்களைச் சேகரியுங்கள்.

தவறுகளைக் கலப்பது எப்படி

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏஐ சரியாகச் சொல்லும்போது அதை ஏற்பது புத்திசாலித்தனமா, சோம்பேறித்தனமா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தவறாகச் சொல்லும்போதுதான் வேஷம் கலையும்.

பின்பற்றத்தக்க மாதிரி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 27 கதிரியக்க மருத்துவர்களிடம் 50 மார்பக எக்ஸ்ரேக்களைக் கொடுத்தார்கள். 2023இல் வெளியான ஆய்வு. முதல் 10 படங்களில் "ஏஐ" சொன்னதெல்லாம் சரி. அடுத்த 40இல் 12 படங்களுக்கு வேண்டுமென்றே தவறான வகைப்பாடு காட்டப்பட்டது. அனுபவம் குறைந்தவர்கள், ஏஐ சரியாகச் சொன்னபோது ஏறத்தாழ 80 சதவீதம் சரியாக வகைப்படுத்தினார்கள். ஏஐ தவறாகச் சொன்னபோது அது 20 சதவீதத்துக்கு விழுந்தது. மிக அனுபவசாலிகள்கூட 82இலிருந்து 45 சதவீதம் அளவுக்கு இறங்கினார்கள். அனுபவம் கொஞ்சம் தாங்கியது, முழுதாகத் தாங்கவில்லை.

அந்தப் பத்தும் நாற்பதும் கணக்கையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். முதல் 10 நம்பிக்கை பிறப்பதற்கு. இந்தப் பத்துக்குள் ஒரு தவறு நுழைந்தாலும் ஆட்டம் கலைந்துவிடும். கணிப்புநிரல், அதாவது தரவை வைத்துக் கணித்துச் சொல்லும் கணினி நிரல், ஒருமுறை தவறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது 2015இலேயே சோதனையில் காட்டப்பட்ட விஷயம். 12 தவறுகளில் 6 உண்மையைவிட 40 சதவீதம் கூடுதலாகவும், 6 அதே அளவு குறைவாகவும் இருக்கட்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் இருபதாவது படத்துக்குள் "இது எப்போதும் கூட்டிச் சொல்கிறது" என்று கண்டுகொள்வார்கள். தட்டில் 340 கடலை இருக்க 3,000 என்று சொல்வதும் வீண். சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள்.

ஆலோசனைகளை நேரலையில் சாட்பாட்டிடமிருந்து எடுக்காதீர்கள். ஒரே கேள்விக்கு இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி சொல்லும். சாட்பாட்டின் பதிப்பையே அதை நடத்தும் நிறுவனம் சத்தமில்லாமல் மாற்றிவிடும். உங்கள் அறுபதாவது ஆளுக்குக் கிடைத்த ஆலோசனை முதல் ஆளுக்குக் கிடைத்ததாக இருக்காது. 50 ஆலோசனைகளையும் முன்கூட்டியே எழுதி உறைய வைத்துவிடுங்கள். சொல்லும் தொனியும் ஒன்றாக இருக்கட்டும். "340 இருக்கலாம்" என்பதும் "340தான்" என்பதும் தமிழில் ஒரே ஆலோசனை அல்ல.

எத்தனை குழு, எத்தனை பேர்

மூன்று குழு வேண்டும். முதல் குழுவுக்கு ஆலோசனை "ஏஐ சொல்வது" என்ற பெயரில் போகும். இரண்டாவது குழுவுக்கு அதே எண், ஆனால் "இதற்கு முன் பங்கேற்ற ஒருவர் சொன்னது" என்ற பெயரில். மூன்றாவது குழுவுக்கு ஆலோசனையே கிடையாது. "மறுபடி ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்க வேண்டும்.

மூன்றாவது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் முறை பார்த்தாலே ஆட்கள் விடையை மாற்றுவார்கள். அந்த இயல்பான ஆட்டத்தைக் கழிக்காவிட்டால் அதையும் ஏஐயின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இரண்டாவது குழு இல்லையென்றால், நீங்கள் கண்டது ஏஐயின் பலமா, யார் சொன்னாலும் கேட்கும் மனித வழக்கமா என்று பிரித்தறிய வழியில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொடரில், ஒரே ஆலோசனையை மனிதர் சொன்னதாகக் காட்டியபோதைவிடக் கணிப்புநிரல் சொன்னதாகக் காட்டியபோது பொதுமக்கள் அதிக எடை கொடுத்தார்கள். பெயர்ப்பலகைக்கே எடை இருக்கிறது.

ஆள் கணக்கு: இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை, அதாவது அரை திட்ட விலக்கத்தை (திட்ட விலக்கம் என்பது விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர். மூன்று குழுவுக்கு 192. சிறிய வித்தியாசத்தை, அதாவது 0.2 திட்ட விலக்கத்தை, தேடினால் குழுவுக்கு 390க்கு மேல் போகும். முதல் பத்தை விட்டாலும் ஒரு ஆள் 40 படத்துக்கு விடை சொல்வதால் தரவுக் கோப்பில் வரிசைகள் ஆயிரக்கணக்கில் வரும். அதைப் பார்த்து "2,560 தரவுகள்" என்று மார்தட்டக் கூடாது. ஆட்கள் 64 பேர்தான்.

இது முடியாது, இருப்பது 35 மாணவர்கள் என்றால் பெயர்ப்பலகை ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். ஒரே ஆளிடம் சரியான ஆலோசனையையும் தவறான ஆலோசனையையும் ஒப்பிடும் பகுதியை மட்டும் செய்யுங்கள். ஒரே ஆளுக்குள் நடக்கும் ஒப்பீட்டில் அதே நடுத்தர வித்தியாசத்துக்கு 34 பேர் போதும்.

திரையும் பதிவும்

ஒவ்வொரு படத்துக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: படம் 8 வினாடி, முதல் விடை, "இந்த விடையில் எவ்வளவு உறுதி" என்று 0 முதல் 100 வரை, பூட்டு, ஆலோசனை, இறுதி விடை, மறுபடி உறுதி. ஒரு படத்துக்கு 30 முதல் 40 வினாடி, 50 படத்துக்கு அரை மணி. அதற்கு மேல் போனால் களைப்பு ஏறி, கடைசிப் பத்துப் படங்களில் ஏஐ சொன்னதை அப்படியே தட்டத் தொடங்குவார்கள். நீங்கள் அதைத் தாக்கம் என்று எழுதுவீர்கள். அது வெறும் கைவலி.

கூகுள் ஃபார்ம் இதற்கு ஆகாது. பின்னால் போய் முதல் விடையைத் திருத்திவிடலாம். சமர்ப்பித்த நேரம் மட்டும்தான் பதிவாகும், ஒவ்வொரு திரைக்கும் எடுத்த நேரம் பதிவாகாது. சைக்கோபை, ஜேஎஸ்சைக், ஓட்ரீ என்ற சோதனை நடத்தும் மென்பொருள்கள் மூன்றும் இலவசம்; மூன்றிலும் பூட்டவும் முடியும், ஒவ்வொரு திரைக்கும் எடுத்த நேரத்தைப் பதியவும் முடியும். ஆலோசனை திரைக்கு வந்த நொடிக்கும் இறுதி விடைக்கும் உள்ள இடைவெளியைக் கட்டாயம் பதியுங்கள். ஒன்றரை வினாடியில் வந்த ஏற்பும் பதினைந்து வினாடி யோசித்து வந்த ஏற்பும் எண்ணில் ஒன்று, தன்மையில் வேறு.

கேள்வி வாசகத்தில் ஒரு தமிழ்ப் பொறி இருக்கிறது. "நம்பிக்கை" என்ற ஒரே சொல் தன் விடை மேலுள்ள உறுதியையும் குறிக்கும், ஏஐ மேலுள்ள விசுவாசத்தையும் குறிக்கும், நடக்கும் என்ற எதிர்பார்ப்பையும் குறிக்கும். ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்க்கும்போது மூன்று தனிக் கேள்விகள் "எவ்வளவு நம்பிக்கை?" என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும். தன் விடைக்கு "உறுதி", ஏஐக்கு "எவ்வளவு நம்பலாம் என்று நினைக்கிறீர்கள்" என்று பிரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்க்கும்போது, கேள்வியை அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னால் குழப்பம் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

கூடுமானவரை ஒரு கூடத்தில் உட்கார வைத்து நடத்துங்கள். வீட்டிலிருந்து செய்ய விட்டால் ஏஐ இல்லாத குழுவும் ஏஐயைத் திறந்து வைத்துக்கொள்ளும். இணையவழிக் கூலி வேலையாட்களுக்குச் சுருக்கம் எழுதும் வேலையைக் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்வு ஒன்று, அவர்களில் 33 முதல் 46 சதவீதம் பேர் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைப் பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. ஒப்பீட்டுக்காக ஏஐ இல்லாமல் வைத்த குழுவே கலப்படமானால் ஒப்பிட என்ன இருக்கிறது?

கணக்கு

எண்ணில் வரும் விடைக்கு "ஆலோசனை எடை" என்ற அளவை உண்டு. இறுதி விடையிலிருந்து முதல் விடையைக் கழியுங்கள். ஆலோசனையிலிருந்து முதல் விடையைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். ஒருவர் முதலில் 200 என்றார், ஏஐ 300 என்றது, அவர் 250 என்று முடித்தார்: 50ஐ 100ஆல் வகுத்தால் 0.5. அசையாமல் நின்றால் 0, அப்படியே ஏற்றால் 1. மனிதர் மனிதருக்குச் சொல்லும் ஆலோசனையில் இந்தச் சராசரி பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை வரும். நம் கருத்துக்கு நாமே கூடுதல் எடை போட்டுக்கொள்ளும் பழக்கம்.

வகுக்கும்போது இடறும் இடங்கள் சில. முதல் விடையும் ஆலோசனையும் ஒன்றாகவே இருந்தால் சுழியால் வகுக்க நேரும். அந்த வரிசையை விட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தாலும் ஆபத்துதான். முதல் விடை 298, ஆலோசனை 300 என்றிருக்க ஒருவர் 310 என்று முடித்தால் எடை 6 என்று வந்து நிற்கும். 5 சதவீதத்துக்குக் குறைவான இடைவெளிகளை நீக்குவது, 0க்குக் கீழ் போவதை 0 என்றும் 1க்கு மேல் போவதை 1 என்றும் வெட்டுவது என்ற விதிகளைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி, ஆய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ஓஎஸ்எஃப் போன்ற தளத்தில் தேதியோடு பதிந்துவிடுங்கள். தரவைப் பார்த்த பிறகு எழுதும் விதி யாரையும் நம்ப வைக்காது, உங்களையே நம்ப வைக்கக் கூடாது.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 0.5 என்றால் எல்லோரும் பாதி வழி வந்தார்கள் என்று படும். விரித்துப் பார்த்தால் பாதிப் பேர் 0இலும் பாதிப் பேர் 1இலும் குவிந்திருப்பார்கள். நடுவில் ஆளே இருக்காது. எடைகளைப் பத்துக் கட்டமாகப் பிரித்து ஒரு பட்டை வரைபடம் போட்ட பிறகே மேலே போங்கள்.

பிறகுதான் முக்கியமான எண். சரியான ஆலோசனைகளுக்கான சராசரி எடையிலிருந்து தவறான ஆலோசனைகளுக்கான சராசரி எடையைக் கழியுங்கள். 0.6இலிருந்து 0.2 போனால் 0.4: நன்றாகக் கேட்கிறார், வேண்டாததைத் தள்ளுகிறார். 0.6இலிருந்து 0.58 போனால் 0.02: எது வந்தாலும் அதே அளவு நகர்கிறார். சுயமுடிவு என்பதை எண்ணாக்க ஒரே ஒரு அளவைதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த இடைவெளியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நகர்வது குற்றமல்ல. நல்ல காரணத்துக்கு நகர்வதும் சுயமுடிவுதான். சதிக் கோட்பாடுகளை நம்பியவர்களோடு ஏஐ ஆதாரங்களைக் காட்டி உரையாடியபோது அந்த நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்ததையும், இரண்டு மாதம் கழித்தும் அது திரும்பாததையும் 2024 ஆய்வு ஒன்று காட்டியது. அதைச் சுயமுடிவின் இழப்பு என்று சொல்ல மனம் வருமா?

ஆம்/இல்லை விடைகளுக்கு

விண்ணப்பத்தை ஏற்கலாமா வேண்டாமா, கட்டி இருக்கிறதா இல்லையா போன்ற வேலைகளுக்கு எடை பொருந்தாது. ஏஐ சரியா தவறா, ஆள் முதலில் சொன்னது சரியா தவறா என்று நான்கு கட்டம் போட வேண்டும். இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு: 30 பேர், 40 கேள்வி, மொத்தம் 1,200 முடிவுகள். ஏஐ 840இல் சரி, 360இல் தவறு.

ஏஐ சரியான 840இல், ஆள் முதலிலேயே சரியாகச் சொன்னது 540, தவறாகச் சொன்னது 300. அந்த 300இல் 210இல் ஏஐயைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். திருந்திய விகிதம் 0.70.

ஏஐ தவறான 360இல், ஆள் முதலில் சரியாகச் சொன்னது 200. அதில் உறுதியாக நின்றது 90 மட்டும். நின்ற விகிதம் 0.45. மிச்சம் 110 இடங்களில் கையிலிருந்த சரியான விடையைக் கீழே போட்டுவிட்டுத் தவறை எடுத்துக்கொண்டார்கள். இருவருமே தவறிய 160இல் மறுபார்வையில் 10 தேறின.

இப்போது மொத்தக் கணக்கு. தொடக்கத்தில் சரி 740, அதாவது 61.7 சதவீதம். முடிவில் 540, 210, 90, 10 சேர்ந்து 850, 70.8 சதவீதம். "ஏஐயால் துல்லியம் 9 புள்ளி உயர்ந்தது" என்று அறிக்கை எழுதிக் கைகுலுக்கிக் கலைந்துவிடலாம். ஆனால் ஏஐ தனியாகவே 70 சதவீதம். கூட உட்கார்ந்த மனிதர் சேர்த்தது ஒரு புள்ளிகூட இல்லை. திருந்த வேண்டிய இடத்தில் மட்டும் திருந்தி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் 1,040 வந்திருக்கும், 86.7 சதவீதம். 86.7க்கும் 70.8க்கும் நடுவே தொலைந்த 16 புள்ளிதான் நீங்கள் தேடிவந்தது. மொத்தத் துல்லியத்தை மட்டும் சொல்லும் அறிக்கையில் இது கண்ணில் படவே படாது.

குழுக்களை ஒப்பிடும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும், படத்துக்குப் படம் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரி வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் எல்எம்இ4 தொகுப்பு போதும். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-சோதனையை 2,560 வரிசைகள் மேல் ஓட்டினால் எல்லாமே "குறிப்பிடத்தக்கது", அதாவது தற்செயல் அல்ல, என்று வரும்.

அளப்பதே அளவை மாற்றும்

முதல் விடையைக் கேட்டுப் பூட்டுவதில் ஒரு பக்கவிளைவு உண்டு. ஒருவரை முதலில் தானாக யோசித்துச் சொல்ல வைத்தாலே அவர் ஏஐயிடம் சரணடைவது குறைகிறது. 2021 ஆய்வொன்று இதையே மருந்தாகப் பரிந்துரைத்தது. நிஜ வாழ்க்கையில் யாரும் முதல் விடையை எழுதி வைத்துவிட்டு ஏஐயைத் திறப்பதில்லை. ஆகவே உங்கள் சோதனையில் வரும் எண், வெளியில் நடப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆள் கிடைத்தால் நான்காவது குழு ஒன்று வையுங்கள்: முதல் விடை கேட்காமல் படத்தோடு ஆலோசனையையும் சேர்த்துக் காட்டுங்கள். இந்தக் குழுவின் சராசரி விடை, மூன்றாவது குழுவின் சராசரியிலிருந்து ஆலோசனை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று படம் படமாகக் கணக்கிடலாம். தனி ஆளின் கணக்கு கிடைக்காது. குழுவின் கணக்கு கிடைக்கும், நிஜத்துக்குப் பக்கத்தில்.

ஏஐயை எடுத்துவிட்டால்

மூன்றாவது கேள்விக்கான அமைப்பு எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு குழு ஏஐயோடு பயிற்சி செய்யட்டும், மற்றொரு குழு இல்லாமல். பிறகு இரு குழுவுக்கும் ஏஐ இல்லாத ஒரே தேர்வு. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் இதைச் செய்தார்கள். சாதாரண சாட்பாட்டோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் ஆசிரியர் தயாரித்த குறிப்புகளை மட்டும் தந்த மற்றொரு வடிவத்தில் இந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை. "ஏஐ" என்று பொதுப்பெயர் எழுதாமல், எந்த அமைப்பு, எந்தக் கட்டளையோடு, என்ன கொடுத்தது என்று முறைப்பகுதியில் எழுதச் சொல்வது இதனால்தான்.

ஏற்கெனவே ஏஐ புகுந்துவிட்ட அலுவலகத்தில் குழு பிரிக்க முடியாது. முன்-பின் ஒப்பீடுதான் கையில் இருக்கும். போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடல் உள்நோக்கியில் ஏஐ வருவதற்கு முன்பும் வந்த பின்பும், ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி கண்டறியும் விகிதம் 28.4இலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. 2025இல் வெளியான இந்த ஆய்வு சீட்டுக் குலுக்கிப் பிரித்ததல்ல. அந்த மாதங்களில் வேறு ஏதாவது மாறியிருந்தால் அதுவும் இந்த 6 புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் செய்வதானால் பணிச்சுமை, ஆள் மாற்றம், வேலையின் கடினம் மூன்றையும் வாராவாரம் பதிந்துகொள்ளுங்கள். கூடவே, ஏஐ நுழையும் முன்பே அடிப்படை அளவை எடுத்து வையுங்கள். பெரும்பாலான இடங்களில் இது நடப்பதில்லை. எல்லோர் கையிலும் வந்த பிறகே "அளக்கலாமா" என்று கேட்கிறார்கள்.

கருத்தும் நடையும்

சமூக ஊடகம் சமூகத்துக்கு நல்லதா என்று எழுதச் சொல்லி, ஒரு பக்கம் சாயும்படி அமைத்த எழுத்துத் துணையை 1,506 பேரிடம் சோதித்தார்கள், 2023 ஆய்வு. எழுத்து மட்டும் சாயவில்லை, பிறகு தனியாகக் கேட்ட கருத்துக் கணிப்பிலும் அந்தச் சாய்வு தெரிந்தது. இதைத் திரும்பச் செய்ய மூன்று குழு: இந்தப் பக்கம், அந்தப் பக்கம், துணையே இல்லை. கருத்துக் கேள்வியை எழுத்து வேலைக்கு ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் சம்பந்தமில்லாத ஐந்தாறு கேள்விகள் வேண்டும். இல்லையென்றால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மோப்பம் பிடித்து, உங்களுக்குப் பிடிக்கும் பதிலைத் தருவார்கள். நம்மவர்களின் விருந்தோம்பல் ஆய்வுக்கூடத்திலும் தொடரும்.

நடை விஷயத்தில் 118 இந்தியர், அமெரிக்கரை வைத்து 2025இல் வெளியான ஆய்வு நமக்கு நெருக்கமானது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஏஐ பரிந்துரை கிடைத்த இந்தியர்களின் எழுத்து அமெரிக்கர்களின் எழுத்தை நோக்கி நகர்ந்தது. பிடித்த உணவு என்று தொடங்கினால் பீட்சா வந்து நிற்கும், பண்டிகை என்றால் கிறிஸ்துமஸ்.

தமிழ் எழுத்தில் இதை அளக்க விரும்பினால் ஆயிரம் சொல்லுக்கு எத்தனை என்று எண்ணத் தகுந்தவை: தேவையில்லாத "ஒரு" ("அவர் ஒரு நல்ல ஆசிரியர்"), செயப்பாட்டு வினை, "மேலும்" என்று தொடங்கும் வாக்கியம். கணினியை விட்டு எண்ணினால் இரண்டு இடத்தில் வழுக்கும். "ப்பட்ட" என்று தேடினால் "புறப்பட்டது", "கவலைப்பட்டான்" எல்லாம் செயப்பாட்டு வினையாக எண்ணப்படும். யூனிகோடில் "கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒற்றை ஒகரக் குறியாக, அல்லது எகரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு சொல். எண்ணும் முன் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள். சொல்வளத்தை அளக்க வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொல்லால் வகுப்பது ஆங்கில வழக்கம். "வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து" மூன்றும் தனிச் சொல்லாகிவிடும் தமிழில் அது பொய் வளம் காட்டும். வேர்ச்சொல்லுக்குக் குறைத்த பிறகே வகுக்க வேண்டும்.

தனக்குத் தெரிகிறதா?

கேட்பதே கூடாது என்றில்லை. கடைசியில் ஒன்றைக் கேட்கலாம். "ஏஐ உங்கள் விடைகளை எந்த அளவுக்கு மாற்றியது என்று நினைக்கிறீர்கள்?" 0 முதல் 100. இந்த எண்ணையும் அவரது உண்மையான ஆலோசனை எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 20 என்று சொன்னவரின் எடை 0.7 என்றால், நகர்ந்தது மட்டுமல்ல, நகர்ந்ததும் தெரியவில்லை. அறிக்கையில் இந்த வித்தியாசத்துக்குத் தனி வரைபடம் போடுங்கள்.

இன்னொரு சோதனை, திரும்பி வருதல். எல்லாம் முடிந்ததும் தவறான ஆலோசனை வந்த 12 படங்களையும் மறுபடி காட்டி, "இவற்றில் ஏஐ சொன்னது தவறு, இப்போது உங்கள் விடை என்ன?" என்று கேளுங்கள். முதலில் தானாகச் சொன்ன விடைக்கே வருகிறாரா, நடுவில் எங்காவது தங்கிவிடுகிறாரா? தவறு என்று தெரிந்த பிறகும் பழைய எண்ணின் இழுவை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலரிடம் காண்பீர்கள்.

முடித்து அனுப்புதல்

ஆட்களிடம் தெரிந்தே தவறானதைக் காட்டியிருக்கிறீர்கள். தொடங்கும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவத்தில் "சில தகவல்கள் ஆய்வு முடிந்த பிறகே விளக்கப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். பெயர், கைபேசி எண் தரவுக் கோப்பில் இருக்கக் கூடாது, குறியெண் போதும். முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, எந்த 12 தவறு, ஏன் கலந்தோம், சரியான விடை என்ன என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுங்கள். "இதைத் தெரிந்த பிறகு என் தரவை எடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். அவர்களில் சிலர் "நான் அப்போதே சந்தேகப்பட்டேன்" என்பார்கள். அதையும் குறித்துக்கொண்டு, அவர்களின் எடையை எடுத்துப் பாருங்கள்.